பழைய ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரில் இணைக்க நடுவில் ஒரு சின்ன ஆம்ப் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டருக்கு எந்தப் புது ஸ்பீக்கர் வாங்கலாம் என்று தொழில்நுட்பப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஸ்பீக்கரை அதில் எப்படிப் போடுவது என்று எழுதுபவர்கள் குறைவு. டேப் டெக், சிடி பிளேயர், ஹோம் தியேட்டர் ஆகியவை ரிப்பேராகி ஒதுங்கும்போது கூடவே வந்த ஸ்பீக்கர் பெட்டிகளும் பரணுக்குப் போய்விடுகின்றன. ஆனால் கெட்டுப்போனது பெரும்பாலும் மோட்டார், லென்ஸ், பவர் சப்ளை போன்ற பாகங்கள்தான். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டிகளைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அதே செலவில் வரும் புதிய பிளாஸ்டிக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் இந்த அளவு கோனும் (அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பு) இருக்காது, இந்தக் கனமான மரப்பெட்டியும் இருக்காது. இதைச் சரியாக இணைக்கும் முறையை வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

மின்சார பிளக் இல்லாமல் இரண்டு ஒயர் மட்டும் வெளியே வரும் பெட்டியைத்தான் பாஸிவ் ஸ்பீக்கர் என்கிறோம். உள்ளே ஆம்ப்ளிஃபயர் (சிக்னலின் சக்தியைக் கூட்டும் கருவி; சுருக்கமாக ஆம்ப்) கிடையாது. பலர் முதலில் செய்வது, அந்த ஒயரில் ஒரு 3.5 மி.மீ. பின்னைக் கட்டிக் கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையில் செருகிப் பார்ப்பது. சத்தம் மெல்லியதாகக் கேட்கும். உடனே ஸ்பீக்கர் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். காரணம் வேறு. ஹெட்போனின் தடை 32 ஓம் அளவில் இருக்கும்; 1 வோல்ட்டுக்கு அது இழுப்பது சுமார் 31 மில்லி ஆம்பியர். அதே 1 வோல்ட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் கேட்பது 125 மில்லி ஆம்பியர். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் சிப்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. டெஸ்க்டாப்பின் பின்பக்கத்து லைன் அவுட் (பச்சை) துளையிலோ சிக்னல் வரும் வழியிலேயே 100 ஓம் அளவுக்குத் தடை இருப்பதுண்டு. அப்படி இருந்தால் 1 வோல்ட்டில் ஸ்பீக்கரை எட்டுவது 0.07 வோல்ட்தான்; அதாவது ஒரு மில்லி வாட்டுக்கும் குறைவு. சாதாரணப் பேச்சுச் சத்தத்தைக்கூட அது எட்டாது. வால்யூமை முழுக்க ஏற்றினால் சத்தம் கூடுவதற்குப் பதில் கரகரப்புதான் கூடும். ஆகவே நடுவில் ஒரு ஆம்ப் கட்டாயம் வேண்டும். அது மிகச் சிறியதாக இருந்தாலும் போதும்.

ஆம்புக்குச் செலவு செய்வதற்கு முன் ஸ்பீக்கரைச் சோதித்துவிட வேண்டும். மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை காட்டும். மீட்டர் அளப்பது டிசி தடையை என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. எதுவுமே காட்டாவிட்டால் கோனை அசைக்கும் ஒயர்ச் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒயர் விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அதை எந்த ஆம்பிலும் மாட்டக் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை எடுத்து ஒயர் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுக்கலாம். 'டப்' என்று கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. கோனைச் சுற்றியுள்ள வளையத்தையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபோம் வளையம் பல ஆண்டுகளில் மக்கி, தொட்டாலே பொடியாக உதிரும். வளையத்தை மட்டும் தனியாக மாற்ற முடியும். ஆனால் அது பொறுமை கேட்கும் வேலை. காசும் நேரமும் குறைவு என்றால் வேறு பெட்டி தேடுவது மேல்.

ஒரு வகை ஸ்பீக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி, அலுவலகம், கூடம் ஆகியவற்றின் அறிவிப்பு அமைப்பிலிருந்து கழற்றிய பெட்டிகளில் பின்புறம் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 70 வோல்ட் அல்லது 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை அப்படியே சாதாரண ஆம்பில் மாட்டினால் சத்தம் ஏறக்குறைய வராது. டிரான்ஸ்ஃபார்மரை விலக்கிவிட்டு, கோனின் இரு முனைகளுக்கு நேராக ஒயர் கொடுத்தால் அது சாதாரண ஸ்பீக்கராகிவிடும்.

இனி ஆம்ப். முதலில் வீட்டிலும் தெரிந்தவர்களிடமும் தேடுங்கள். கேசட் மட்டும் ஓடாத டெக், சிடி மட்டும் படிக்காத ஸ்டீரியோ ஆகியவற்றின் பின்புறம் 'ஆக்ஸ்', 'டேப் இன்', 'சிடி' என்று ஏதாவது ஓர் உள்ளீடு இருந்தால் வேலை முடிந்தது. ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் (சிவப்பு, வெள்ளை நிறத்தில் வரும் ஆடியோ பின்) உள்ள கேபிள் ஒன்றே செலவு. 'ஃபோனோ' என்று எழுதியிருக்கும் துளையில் மட்டும் செருக வேண்டாம். அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் சில மில்லி வோல்ட்டுக்காகச் செய்தது. கம்ப்யூட்டர் சிக்னல் அதற்குப் பல நூறு மடங்கு அதிகம். பேஸும் தாறுமாறாக ஏறி, எல்லாம் உடைந்து கேட்கும். வெகுகாலம் மூடிக் கிடந்த ஆம்ப் என்றால், ஸ்பீக்கரை மாட்டும் முன் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. சில வோல்ட் காட்டினால் அவுட்புட் பகுதி போயிருக்கிறது. அதில் மாட்டினால் ஸ்பீக்கர் சுருள் கருகிவிடலாம்.

பழைய ஆம்ப் கிடைக்காதவர்களுக்கு இருப்பது உள்ளங்கை அளவுள்ள டி கிளாஸ் (மின்சாரத்தை அதிகம் சூடாக வீணாக்காத வகை) போர்டுகள். பி.ஏ.எம். 8403 என்ற சிப் உள்ள போர்டுதான் இவற்றில் மிகச் சிறியது. 5 வோல்ட்டில் ஓடும். விளம்பரத்தில் 3 வாட் என்றிருக்கும். அது 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீத உடைசலையும் சேர்த்துக்கொண்ட கணக்கு. 8 ஓமில் சுத்தமாகக் கிடைப்பது ஒன்றரை வாட்டுக்குள்தான். மேஜையில் அருகில் வைத்துக் கேட்க இதுவே போதும். இதன் உச்ச வரம்பு 5.5 வோல்ட். பழைய 9 அல்லது 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும். இந்த போர்டுகள் அதிகம் சாவது இப்படித்தான்.

அதற்கு அடுத்த படி டி.பி.ஏ. 3110, டி.பி.ஏ. 3116 ஆகிய சிப் உள்ளவை. முதலாவது 8 முதல் 26 வோல்ட் வரையிலும், இரண்டாவது 4.5 முதல் 26 வோல்ட் வரையிலும் ஏற்கும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதுதான் இவற்றுக்குத் தோதான துணை. அடாப்டர் பின்னின் நடுமுனை பிளஸ்தானா என்று மீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் பெரும்பாலான போர்டுகளில் காப்பு ஏதும் இல்லை. டி.டி.ஏ. 7297 உள்ள போர்டும் நல்லதுதான். ஆனால் அது 18 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எனவே லேப்டாப் அடாப்டர் அதற்கு ஆகாது, 12 வோல்ட் கொடுக்க வேண்டும். அது டி கிளாஸ் அல்ல என்பதால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கைசுடும் அளவுக்குச் சூடாவது இயல்பு. காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

வாட் கணக்கில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. போர்டில் 50+50 என்றோ 100 என்றோ எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள், பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய வாட் கணக்கு) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். இந்த வகை போர்டுகளில் கிடைக்கும் சக்தியை அடாப்டரின் வோல்ட்டும் ஸ்பீக்கரின் ஓமும்தான் முடிவு செய்கின்றன. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுங்கள். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க 9 வாட். 19 வோல்ட்டுக்கு 361-ஐ 16-ஆல் வகுக்க 22 வாட் சொச்சம். இது ஒரு சேனலின் (இடது அல்லது வலது) உச்ச வரம்பு. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். 50 வாட் என்று எழுதிய போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டு, 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட்டை எதிர்பார்க்க முடியாது. 50 வாட் தேவையும் இல்லை. 88 டெசிபல் உணர்திறன் கொண்ட சாதாரணப் பெட்டி 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். 10 வாட்டில் 98. கம்ப்யூட்டர் மேஜை முன் உட்கார்ந்து நெடுநேரம் கேட்பவரின் காதுக்கு அது மிக அதிகம். 'ஸ்பீக்கரில் 60 வாட் என்றிருக்கிறதே, 10 வாட் ஆம்ப் போட்டால் கெட்டுப்போகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கெடாது. ஸ்பீக்கரில் உள்ள வாட் அது தாங்கும் எல்லை; அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற பொருள் அதற்கில்லை. சிறிய ஆம்பைத் திணறத் திணற உடைந்த சத்தத்தில் ஓட்டினால்தான் ட்வீட்டருக்கு (கீச்சொலி தரும் சிறிய கோன்) ஆபத்து.

வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரின் ஓமையும் கவனிக்க வேண்டும். ஹோம் தியேட்டர் செட்டோடு வரும் சிறு பெட்டிகளில் 3 ஓம், 4 ஓம் என்று இருப்பதுண்டு. 4 ஓமில் மின்னோட்டம் இரு மடங்காகும். 19 வோல்ட்டில் டி.பி.ஏ. 3110 போன்ற சிறிய சிப் சூடாகித் தானே நின்று நின்று ஓடும். அந்தப் பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டரே போதும், பாதுகாப்பும் கூட.

ஒயர் வேலையில்தான் சின்னச் சின்னத் தவறுகள் பெரிய சேதமாகின்றன. மேலே சொன்ன போர்டுகள் எல்லாமே ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இயக்குபவை. மைனஸ் என்று எழுதியிருக்கும் முனை கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் முனை) அல்ல. இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்தாலோ, அடாப்டரின் மைனஸோடு தொடவிட்டாலோ சிப் போய்விடும். மூன்றே ஒயரில் இரண்டு ஸ்பீக்கரையும் இழுப்பது பழைய ஆம்ப் சிலவற்றில் நடக்கும். இங்கே நான்கு ஒயர் தனித்தனியாகப் போக வேண்டும். இதே காரணத்தால் போர்டின் ஸ்பீக்கர் முனையில் ஹெட்போன் ஜாக்கை வைக்கக் கூடாது.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் வேண்டியதில்லை. 0.75 சதுர மி.மீ. இரட்டைச் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு 0.023 ஓம் தடை தரும். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர 6 மீட்டர், மொத்தம் 0.14 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. ஒயர் முனையில் 10 மி.மீ. உறையை நீக்கி, இழைகளை இறுக்கி முறுக்கிச் செருகுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ஷார்ட்தான். ஸ்குரூ வைத்து இறுக்கும் முனையில் ஈயம் பூசிய ஒயரை வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் அமுங்கி, பிடிப்பு தளர்ந்துவிடும்.

பிளஸ், மைனஸ் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மாறினால் பேஸ் காணாமல் போகும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறிக் கேட்கும். நிறம் அழிந்த பெட்டியில் மறுபடியும் டார்ச் செல்லை எடுங்கள். செல்லின் பிளஸ் எந்த முனையில் பட்டால் கோன் வெளியே தள்ளுகிறதோ அதுதான் பிளஸ்.

உள்ளீட்டுக்குப் பழைய ஹெட்போனின் கேபிளை வெட்டிப் பயன்படுத்தலாம்; காசு மிச்சம். ஆனால் அதற்குள் இருக்கும் முடி போன்ற இழைகளில் சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் தெரிவது அரக்குப் பூச்சு. அது மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியே முறுக்கி வைத்தால் சத்தமே வராது. கேபிள் பழுது என்று தூக்கிப்போட்டுவிடுவோம். சோல்டரிங் அயர்ன் நுனியில் ஈயத் துளி ஒன்றை வைத்து, அதற்குள் இழையைச் சில நொடிகள் பிடித்தால் பூச்சு புகைந்து கருகி, ஈயம் வெள்ளியாக ஏறும். அதன் பிறகுதான் அது ஒயர். நிறத்தை நம்பாமல் மீட்டரால் பாருங்கள். பின்னின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். மைக் உள்ள மொபைல் ஹெட்செட் கேபிளில் நான்கு பகுதி இருக்கும். இன்று பெரும்பாலும் வரும் அமைப்பில் மூன்றாவதுதான் கிரவுண்ட், கடைசி மைக். ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் இடதையும் வலதையும் நேராக முறுக்கிச் சேர்க்க வேண்டாம். கம்ப்யூட்டரின் இரண்டு சேனலும் ஒன்றோடொன்று மோதும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் மறுமுனைகளைச் சேர்த்து ஆம்புக்குக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் அதிகம் பேரைக் கைவிட வைப்பது இரைச்சல். மவுஸை நகர்த்தினால் 'கீச்' என்றும், பக்கத்தை உருட்டினால் 'ஸ்ர்ர்' என்றும் ஸ்பீக்கரில் கேட்கும். 5 வோல்ட் போர்டுக்கு அதே கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் அநேகமாக இது வந்தே தீரும். ஆம்ப் இழுக்கும் மின்னோட்டம் திரும்பிப் போக யூஎஸ்பியின் கிரவுண்ட், ஆடியோ கேபிளின் கிரவுண்ட் என இரண்டு பாதை கிடைக்கிறது. அதில் ஒரு பகுதி ஆடியோ கேபிள் வழியே ஓடும்போது கம்ப்யூட்டரின் உள் இரைச்சலும் சிக்னலோடு கலந்துவிடுகிறது. போதாததற்கு, யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். டிரம் அடி விழும்போது வோல்ட் சரிந்து சத்தம் உடையும். தீர்வு எளிது: வீட்டில் இருக்கும் மொபைல் சார்ஜரைத் தனியாகச் சுவரில் செருகி, அதிலிருந்து 5 வோல்ட் கொடுங்கள்.

அப்போதும் 'உம்' என்று கேட்டால், லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப்தான்; அதாவது இரண்டு கிரவுண்ட் பாதைகள் சேர்ந்து ஒரு வளையமாகியிருக்கின்றன. லேப்டாப் சார்ஜர், ஆம்ப் அடாப்டர் இரண்டையும் ஒரே ப்ளக் பலகையில் செருகினால் சில நேரம் அதுவே தீர்த்துவிடும். தீராவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டால் கிடைக்கும் சிறு டப்பியை கம்ப்யூட்டருக்கும் ஆம்புக்கும் இடையே மாட்டுங்கள். உள்ளே இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டுமே. பேஸ் ஒரு துளி குறையலாம். அதை ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டக் கூடாது. இரைச்சலைப் போக்க மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டுவது சிலரிடம் இருக்கும் பழக்கம். உயிரோடு விளையாடும் அந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

டெஸ்க்டாப்பில் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத்துப் பச்சைத் துளை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். முன்பக்கத்துக்குப் போகும் மெல்லிய ஒயர் பெட்டிக்குள் எல்லாப் பாகங்களையும் உரசிக்கொண்டு போகிறது. இதுவும் கைகொடுக்காவிட்டால் விரல் அளவுள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று உதவும். புளூடூத் சேர்ந்த ஆம்ப் போர்டைத் தேடி வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் இருக்கும்போது ஒயரே மேல். படம் பார்க்கையில் உதடு முந்தி, வசனம் பிந்தி வரும் தொல்லையும் இல்லை.

வால்யூம் வைக்கும் முறைக்கும் வருகிறோம். இந்த போர்டுகள் சிக்னலைப் பெரும்பாலும் 20 மடங்கு, அதற்கு மேலும் பெருக்குபவை. 1 வோல்ட் உள்ளே போனால் 20 வோல்ட் கேட்கும். 19 வோல்ட் அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாது. ஆகவே ஆம்பின் குமிழை முழுக்கத் திருப்பினால் சக்தி அதிகமாகாது, அலையின் தலை வெட்டுப்பட்டுச் சத்தம் உடையும். கம்ப்யூட்டர் வால்யூமை 80-லிருந்து 100-க்குள் வைத்துவிட்டு, ஆம்பின் குமிழைத் தேவைக்கு ஏற்பத் திருப்புங்கள். தலைகீழாகச் செய்தால் பாட்டு இல்லாத இடைவெளியில் 'உஸ்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சில வீடியோ பிளேயர்களில் வால்யூம் 100-ஐத் தாண்டியும் போகும், தாண்ட வேண்டாம். ஈக்வலைசரில் பேஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் 10 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். சிறிய போர்டில் அதற்கு இடமில்லை. பேஸ் வேண்டுமானால் பெட்டியைச் சுவருக்குக் கொஞ்சம் அருகே தள்ளுங்கள், செலவே இல்லை. கம்ப்யூட்டரை முதலில் போட்டு ஆம்பைக் கடைசியில் போடுங்கள். நிறுத்தும்போது ஆம்பை முதலில் நிறுத்துங்கள். 'டொப்' என்ற அடி ஸ்பீக்கருக்குப் போகாது.

போர்டை அப்படியே மேஜையில் கிடத்த வேண்டாம். அடிப்பக்கத்து சோல்டர் முனைகளில் ஒரு பேப்பர் கிளிப் பட்டாலே ஷார்ட். நான்கு மூலையிலும் கால் வைத்து, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்துங்கள். அடாப்டரின் பிளஸ் ஒயரில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் போடுங்கள். இதற்கெல்லாம் பிறகு கையில் இன்னும் கொஞ்சம் காசு மிஞ்சினால் பெரிய ஆம்புக்குப் போகாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிக்கருவிகள் பழுதுபார்க்கும் வாசகர்கள்